மர்லின் டிப்டிக்: ஓவியமும் திரைப் பிம்பமும்

மர்லின் டிப்டிக் என்பது அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹால் (1928–1987) 1962-ஆம் ஆண்டில் படைத்த ஓவியமாகும். திரைப்படம், விளம்பரம், செய்தித்தாள் ஆகிய வெகுசனப் பண்பாட்டுக் கூறுகளைக் கலைக்குள் கொண்டுவந்த பாப் கலையின் முதன்மையான படைப்புகளுள் இதுவும் ஒன்று. தற்போது இலண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. டிப்டிக் என்பது இரண்டு பலகைகள் இணைந்த ஓவியத்தைக் குறிக்கும். கிறித்தவ வழிபாட்டுப் படங்களில் இவ்வடிவம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

பின்னணி

நடிகை மர்லின் மன்றோ 1962 ஆகஸ்டில், தமது 36-ஆம் வயதில் இறந்தார். அடுத்த சில மாதங்களுக்குள் இவ்வோவியம் உருவானது. 'நயாகரா' (1953) திரைப்படத்தின் விளம்பரத்திற்காக எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றையே வார்ஹால் இதற்குப் பயன்படுத்தினார். நார்மா ஜீன் என்பது மன்றோவின் இயற்பெயர். திரைப்பெயரும் பொன்னிறக் கூந்தலும் தொழிலுக்காக வந்து சேர்ந்தவை. ஆகவே வார்ஹால் கையில் எடுத்ததே, விற்பனைக்காக முன்பே அமைக்கப்பட்ட ஒரு பிம்பத்தைத்தான்.

அமைப்பு

இரு பலகைகளிலும் பலகைக்கு 25 வீதம் 50 முறை அதே முகம் இடம்பெறுகிறது. துணிப்பைகளிலும் பனியன்களிலும் எழுத்து அச்சிட உதவும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் இவை அச்சிடப்பட்டுள்ளன. இடப்பக்க முகங்கள் பளிச்சிடும் வண்ணங்களில் அமைந்தவை. வலப்பக்கத்தில் கறுப்பு வெள்ளை மட்டுமே. அங்கே ஒரு நிரலில் மை அப்பி முகம் இருண்டுபோகிறது. வல ஓரத்தை நெருங்க நெருங்க வெளிறி மறைகிறது.

திறனாய்வு

இவ்வோவியத்தைத் திரைமோகத்தின் மீதான கேலி என்று மட்டும் கொள்வது போதாது. வெளியே நின்று பழிப்பவர், தாம் பழிக்கும் தொழிலின் கருவியையே எடுத்துக்கொள்ள மாட்டார். வார்ஹால் எடுத்துக்கொண்டார். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப அச்சிடும் பத்திரிகையின் வேலையைத் தாமும் செய்து, அதன் விளைவைக் காட்டினார். இடப்பக்கம் புகழைக் காட்டுகிறது. வலப்பக்கம் அந்தப் புகழுக்குள் ஒரு பெண் தேய்ந்து மறைவதைக் காட்டுகிறது. சீராக அச்சாகாத அந்தப் பகுதியில்தான் ஓவியத்தின் விமர்சனம் தங்கியிருக்கிறது.

அவ்விமர்சனத்தின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். 1964-இல் அதே நிழற்படத்தைக் கொண்டு வார்ஹால் தனித்தனி வண்ண முகங்களைப் படைத்தார். அவற்றுள் ஒன்று 2022-இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 19.5 கோடி டாலருக்கு விற்பனையானது. வலப்பக்கம் இல்லாத அந்த முகம் மீண்டும் அழகிய விற்பனைப் பொருளாகவே நிற்கிறது. பிம்ப வணிகத்தைச் சுட்டிக்காட்டிய கலைஞரே அவ்வணிகத்திற்குச் சரக்கும் அளித்தார் எனலாம். ஆகையால் மர்லின் டிப்டிக்கைக் காண்போர், கண்ணைக் கவரும் வண்ணங்களோடு நின்றுவிடாமல், வல ஓரத்தில் மங்கும் கடைசி முகம்வரை பார்த்தல் வேண்டும்.