எட்டு விதி: காரணமா, விளைவா?

உப்பீனி என்பது தமிழில் நன்கு அமைந்த கலைச்சொற்களுள் ஒன்று. உப்பை ஈனுவது உப்பீனி. ஹாலஜன் என்னும் கிரேக்க வழிச் சொல்லின் பொருளும் அதுவே. ஜெர்மானிய அறிஞர் ஷ்வைக்கர் 1811-ஆம் ஆண்டில் குளோரினுக்கென முன்மொழிந்த அச்சொல், பின்னர் புளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றுக்கும் பொதுப் பெயராயிற்று. பெயர் இவ்வளவு தெளிவாக இருக்க, இத்தனிமங்கள் உப்பை ஈனும் முறைக்கு வகுப்பறையில் கூறப்படும் விளக்கமும் அவ்வாறே தெளிவுடையதா என்பது ஆராய்தற்குரியது.

வழக்கமான விளக்கம் யாவரும் அறிந்ததே. குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள் உள்ளன. எட்டாவதைப் பெற அது விரும்புகிறது. சோடியமோ தன் வெளிக்கூட்டிலுள்ள ஒன்றை ஈந்துவிட விழைகிறது. ஒன்று கொடுக்க, மற்றொன்று கொள்ள, இரண்டும் அயனிகளாகி நிறைவடைகின்றன என்பர்.

இக்கருத்தின் மூலவர்கள் சிறியவர் அல்லர். ஜெர்மனியில் கோசலும் அமெரிக்காவில் லூயிஸும் 1916-ஆம் ஆண்டில் தனித்தனியே இவ்வழியில் சிந்தித்தனர். 1919-இல் லாங்மூர் அதனை விரித்துப் பரப்பினார். எட்டு விதியின் பயனையும் மறுத்தற்கில்லை. உப்பீனிகள் ஓர் எலெக்ட்ரானையும், ஆக்சிஜனும் கந்தகமும் இரண்டையும், நைட்ரஜன் மூன்றையும் ஏற்று அயனியாகும் என்பதை மாணவர் எளிதில் நினைவிற் கொள்ள அது உதவுகிறது. நினைவுக்குத் துணையாவது வேறு. காரணம் கூறுவது வேறு. குறை இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, அணுவுக்கு விருப்பம் இல்லை; எட்டு என்னும் எண்ணை அது எண்ணிப் பார்ப்பதும் இல்லை. குளோரினின் அணுக்கருவில் 17 புரோட்டான்கள் உள்ளன. உட்கூடுகளிலுள்ள 10 எலெக்ட்ரான்கள் கருவின் கவர்ச்சியைப் பெரிதும் மறைக்கின்றன. ஆனால் வெளிக்கூட்டிலுள்ள ஏழும் ஒன்றையொன்று முழுமையாக மறைப்பதில்லை. ஆகவே அக்கூட்டில் வந்து சேரும் புதிய எலெக்ட்ரானையும் கரு வலுவாகப் பற்றிக்கொள்கிறது. ஆர்கானில் அக்கூடு நிரம்பிவிட்டது. புதிதாக வருவது அடுத்த கூட்டில், வெகு தொலைவில், 18 எலெக்ட்ரான்களின் மறைப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். அங்கே பற்றுதல் இல்லை. எட்டு என்பது இதன் விளைவேயன்றிக் காரணமன்று.

இரண்டாவது, கொடுக்கல் வாங்கல் கணக்கு நேர்படவில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்க 496 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். குளோரின் அணுக்கள் அவற்றை ஏற்கும்போது வெளிவருவது 349 கிலோஜூல்தான். 147 கிலோஜூல் நட்டம்! ஈதற்கு விழைகிறது என்று சொல்லப்பட்ட சோடியம், உண்மையில் விலை கொடுத்தாலன்றி விடுவதில்லை. இந்த நட்டத்தை ஈடுகட்டுவது எது? எதிரெதிர் மின்னேற்றமுள்ள அயனிகள் படிகமாக அணிவகுக்கும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூற்றைப் பிளக்கவும் ஆகும் 228 கிலோஜூலைக் கழித்த பின்னும் சுமார் 410 எஞ்சுகிறது. உப்பு பிறப்பது படிகத்தின் வலிமையால். இரண்டு அணுக்களின் தனிப்பட்ட ஆசையால் அன்று.

ஆக்சிஜனில் இது மேலும் தெளிவு. முதல் எலெக்ட்ரானை ஏற்கையில் 141 கிலோஜூல் வெளிவருகிறது. இரண்டாவதையோ, முன்னரே எதிர்மின்னேற்றம் கொண்ட அயனி தள்ளுகிறது. அதனை உட்புகுத்த 700 கிலோஜூலுக்கு மேல் செலவிட வேண்டும். எட்டு நிறைந்த ஆக்சைடு அயனி தனித்து நிலைபெறுவதே இல்லை. மக்னீசியம் ஆக்சைடின் படிகம் தரும் சுமார் 3,800 கிலோஜூலே அதனைத் தாங்கி நிற்கிறது. நைட்ரஜன் அணுவோ தனித்த நிலையில் ஓர் எலெக்ட்ரானைக்கூட ஏற்பதில்லை. எனினும் லித்தியம் நைட்ரைடு உண்டு.

மூன்றாவது, உப்பீனிகளின் வரிசையையே எட்டு விதியால் விளக்க இயலாது. எலெக்ட்ரானை ஏற்கையில் புளோரின் 328, குளோரின் 349, புரோமின் 325, அயோடின் 295 கிலோஜூல் வெளியிடுகின்றன. முதலிடம் குளோரினுக்கே. புளோரின் அணு மிகச் சிறியது; ஆகையால் அங்கே நெருங்கியிருக்கும் எலெக்ட்ரான்கள் புதியதைத் தள்ளுகின்றன. ஆயினும் பிற பொருள்களிடமிருந்து எலெக்ட்ரானைக் கவர்வதில் புளோரினை வெல்வார் இல்லை. அதன் மூலக்கூற்றுப் பிணைப்பு எளிதில் அறுவதும், அதன் சிற்றயனி படிகத்திலும் நீரிலும் இறுகப் பிணைவதுமே அதற்குக் காரணம்.

இவை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை திறந்துவிட்ட நச்சு வாயு குளோரின். அடுக்களை உப்பிலும் மனிதக் குருதியிலும் இருப்பது குளோரைடு அயனி. கரு ஒன்றே, வேற்றுமை ஒரே ஓர் எலெக்ட்ரான். எலெக்ட்ரானைப் பறிக்கும் ஆற்றலால் குளோரின் நுரையீரலை அழிக்கிறது. அதே ஆற்றலால் குடிநீரிலுள்ள கிருமிகளையும் கொல்கிறது. பறிக்க வேண்டியதைப் பெற்றுவிட்ட குளோரைடோ அடங்கியிருக்கிறது. விருப்பக் கதையை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் விடைத்தாளில் மதிப்பெண் பெறலாம். நஞ்சும் உணவும் வேறுபடும் இடத்தை அவனால் காண இயலாது.

எட்டு விதியை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அதனை அதற்குரிய இடத்தில் வைத்தல் வேண்டும். முதலில் கருவின் கவர்ச்சி, அடுத்து ஆற்றலின் வரவு செலவு, இறுதியில் நினைவுக் குறிப்பாக எட்டு. இம்முறையில் பாடம் அமைந்தால், ஏன் என்று கேட்கும் மாணவனுக்கும் விடை கிடைக்கும்.