உறுப்பெழுத்து

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளையின் விரல் முதலில் பழகியது மணலில். சட்டம்பியார் கைபிடித்து 'அ' எழுதுவிப்பார். பிழைத்தால் ஒரே தடவலில் அழிந்துவிடும். ஓலைக்கு அந்தச் சலுகை இல்லை. எழுத்தாணி பிடித்த வலக்கை அதிகம் அசையாது. இடக்கைப் பெருவிரல் ஆணியைத் தாங்க, ஓலைதான் மெல்ல நகரும். குத்தினால் ஓலை பழுதாகும் என்று பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. எழுதி முடித்துக் கரி பூசித் துடைத்ததும் நிறமற்ற கீறலெல்லாம் கறுத்து எழும்பும். பிள்ளையின் கை திருந்திவிட்டதா என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும் அந்தக் கணம் எனக்கு மிகப் பிடித்தது.

1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது; மிசன் பள்ளிகளோடு கடதாசியும் மையும் பெருகின. பின்னாளில் உறுப்பெழுத்துக்கென்றே தனிக்கொப்பி வைத்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் கோட்டில் இருந்து, சுழி மூடாமல், கொம்பு சரியாமல் நிற்கவேண்டும். நல்ல கொப்பி வகுப்பு முழுக்கச் சுற்றிவரும்.