ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள்: ஒரு மதிப்பீடு

ஜாவா, யெஸ்டி ஆகியவை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் 1996 வரை தயாரித்த மோட்டார் சைக்கிள்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் பெற்ற உரிமத்தின்படி முதலில் ஜாவா என்ற பெயரிலும், 1973 முதல் யெஸ்டி என்ற பெயரிலும் இவை விற்கப்பட்டன. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தருமபுரி மாவட்டச் சாலைகளில் இவற்றை இன்றும் அவ்வப்போது காணலாம். ஆளைப் பார்க்கும் முன்பே சத்தத்தை வைத்து இன்ன வண்டி என்று சொல்லிவிடக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய ஐரோப்பிய வண்டிகளின் ரசிகர்கள் ஜாவாவைப் பாராட்டும்போது பெரும்பாலும் அதன் விசித்திரங்களையே சொல்கிறார்கள். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கியர் லீவரே கிக்கராக மாறுவது, ஆணி போன்ற சாவி. இந்த விசித்திரங்கள் எதற்காக என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காத வரை ஜாவா ஒரு வேடிக்கைப் பொருள்தான்.

பின்னணி

செக் நாட்டவரான ஃப்ரான்டிஷெக் யானெச்செக், வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் 500 சிசி வண்டியைத் தயாரிக்கும் உரிமையை வாங்கி 1929-இல் தொழிலைத் தொடங்கினார். இரு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ஜாவா ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மறைவாக உருவாக்கப்பட்ட 250 சிசி வண்டி, போர் முடிந்ததும் 1946-இல் வெளிவந்தது. அதன் வழியில் 1954-இல் பின்சக்கரத்துக்கு ஊசலாடும் கையும் ஷாக் அப்சார்பரும் கொண்ட மாடல் வந்தது. இந்தியாவில் பெரும்பாலோர் ஜாவா என்று நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

ருஸ்தம் இரானியும் ஃபாரூக் இரானியும் மைசூரில் தொழிற்சாலையை நிறுவினர். மைசூர் மன்னராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையாரின் ஆதரவு அவர்களுக்குக் கிடைத்தது.

விசித்திரத்தின் அளவுகோல்

ஐரோப்பாவில் விசித்திரமான மோட்டார் சைக்கிள்களுக்குக் குறைவே இருந்ததில்லை. 1920களின் தொடக்கத்தில் மியூனிக்கில் செய்யப்பட்ட மெகோலாவில் ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன்சக்கரத்துக்குள்ளேயே அமர்ந்து சக்கரத்தோடு சுழன்றது. பார்க்க அற்புதம். ஆனால் அதில் கிளட்ச் கிடையாது, கியரும் கிடையாது. வழியில் நிற்க வேண்டுமென்றால் எஞ்சினையும் நிறுத்த வேண்டும். செக் நாட்டின் போமர்லாண்ட் மூன்று பேர் வரிசையாக உட்காரும் அளவுக்கு நீண்டிருந்தது. போருக்குப் பின் ஜெர்மனியில் வந்த இம்மெ வண்டியில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஒற்றைக் கையே புகைக்குழாயாகவும் வேலை செய்தது. இரும்பு கிடைக்காத காலத்தில் ஒரு குழாயை மிச்சம் பிடிக்கும் யோசனை அது. இம்மெவின் விசித்திரத்தில் ஒரு சிக்கனம் இருக்கிறது. மெகோலாவில் இருப்பது வடிவமைப்பாளரின் ஆசை மட்டுமே. ஓட்டுபவருக்கு ஒரு வேலையைக் குறைத்ததா, கூட்டியதா என்று பார்த்தால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

இந்த அளவுகோலை ஜாவாவுக்கு வைத்துப் பார்க்கலாம்.

எஞ்சினின் இடப்பக்கம் ஒரே ஒரு லீவர் இருக்கிறது. அதை உட்புறமாக அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து எஞ்சின் ஓடியதும் பழைய இடத்துக்குத் திருப்பினால் கியர். ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு செல்வதால் இது முடிகிறது. எஞ்சின் பெட்டியில் ஆயில் கசிய ஒரு துளை குறைவு, விழுந்தால் வளைய ஒரு இரும்பு குறைவு. புதிதாக ஓட்டுபவர் கிக்கரைத் திருப்ப மறந்து கியரைக் காலால் தேடுவார் என்பது உண்மை. ஒரு வாரத்தில் கால் பழகிவிடும்.

இதைவிட நுட்பமானது கிளட்ச். கியர் லீவரைக் காலால் அசைக்கத் தொடங்கியதுமே உள்ளிருக்கும் ஒரு பகுதி கிளட்சைத் தானாக விடுவிக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் கையால் கிளட்ச் பிடித்தால் போதும். ஓட்டத்தில் கியர் மாற்றக் கை தேவையில்லை. கிளட்ச் கேபிள் வழியில் அறுந்து போவது அக்கால வண்டிகளில் சகஜம். அப்படி அறுந்தாலும் ஜாவாக்காரர் தள்ளிக்கொண்டு ஓடி வண்டியைக் கிளப்பிவிட்டால் வீடு வரை கியர் மாற்றிக்கொண்டே வரலாம். கடைகள் தள்ளித் தள்ளி இருக்கும் அரூர், பென்னாகரம் சாலைகளில் இது சிறிய வசதி அல்ல. இந்த அமைப்பைச் சரியாக அளவு வைக்கத் தெரிந்த மெக்கானிக் கையில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அளவு பிசகிய வண்டியை ஓட்டிவிட்டு ஜாவாவின் கியர் மோசம் என்று சொன்னவர்கள் பலர்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. பின் செயின் முழுவதும் இரும்பு உறைக்குள் மூடியே இருக்கிறது. மண், தூசி, மழைநீர் எதுவும் செயினைத் தொடுவதில்லை. அதில் இட்ட கிரீஸ் அங்கேயே தங்குகிறது. அதோடு, பின்சக்கரத்தைக் கழற்றும்போது செயினும் பல்சக்கரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பஞ்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தை மட்டும் உருவி எடுக்கலாம். கையில் கறை படாது. உறைக்குள் செயின் தளர்ந்திருப்பது வெளியே தெரியாது என்பது ஒரு குறை. செம்மண் தூசி பறக்கும் மாவட்டத்தில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்று பழைய யெஸ்டியைப் புதுப்பிப்பவர்கள் சிலர் முதலில் கழற்றி எறிவது இந்த உறையைத்தான். செயின் பளபளவென்று வெளியே தெரிந்தால் அழகு என்று நினைக்கிறார்கள்.

இரட்டை சைலன்சருக்கும் காரணம் உண்டு. 65 மி.மீ. விட்டமும் 75 மி.மீ. ஓட்டமும் கொண்ட அந்த சிலிண்டரில் புகை வெளியேற முன்புறம் இரண்டு வழிகள் இருந்தன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனே கதவு. ஒரே அகலமான வாசல் வைத்தால் பிஸ்டன் வளையம் அதில் சிக்கிக்கொள்ளும். வாசலை இரண்டாகப் பிரித்தால் வளையத்துக்குத் தாங்கல் கிடைக்கும், புகையும் தாராளமாக வெளியேறும். அழகு அதனுடன் இலவசமாக வந்தது.

தொப்பூர் இறக்கம்

ஜாவாவின் பொறியியலில் எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. அதன் பலவீனம் வெளிப்படும் இடம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை தொப்பூரில் கணவாய் வழியே நீண்ட இறக்கமாக இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் லாரிகள் விபத்துக்குள்ளாவதால் பெயர் பெற்ற சாலை அது.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு குறைவு. சுமை முழுவதும் டிரம் பிரேக்கின் மேல் விழும். அதைவிட ஆபத்தான ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. ஜாவாவில் எஞ்சினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. ஆக்சிலேட்டரை மூடியபடி கியரில் இறங்கும்போது சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். ஆனால் பெட்ரோல் குறைவாகப் போவதால் ஆயிலும் குறைவாகவே போகும். அதிக வேகம் தேவைப்படும் நேரத்தில் ஆயில் பட்டினி. பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு இது போதும். பழகிய கைகள் இறக்கத்தில் இடையிடையே ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகிவிடுவது இதனால்தான். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியும்.

ஜாவாவின் ரசிகர்கள் இந்தக் குறையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் விடுவது பாராட்டை மெலிதாக்குகிறது. மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு சுற்றிலும் விசை தரும் அதே எளிய எஞ்சின்தான் இறக்கத்தில் ஓட்டுபவரிடம் கவனத்தைக் கேட்கிறது.

உடன் வந்தவை

இக்காலத்தில் இந்தியாவில் ஓடிய மற்ற ஐரோப்பிய வடிவங்களும் தத்தம் வழியில் விசித்திரமானவை. எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத், போலந்தின் எஸ்.எச்.எல். வண்டியை அடியொற்றியது. அதன் தொடக்க கால முன் ஃபோர்க் அமைப்பில் பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு கீழே குத்தாது. திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டில் எந்த உயர் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வரத் தனியாக ஒரு சிறு லீவர் இருந்தது. ஜாவா ஒரு லீவரைக் குறைத்தது. புல்லட் ஒன்றைக் கூட்டியது. இரண்டுமே ஓட்டுபவரின் காலை நினைத்துச் செய்யப்பட்டவை.

ஓசூரின் விடை

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. கிளட்சைக் கையால் பிடிக்கும் தொல்லையை ஜாவா கியர் லீவரோடு இணைத்துத் தீர்த்தது என்றால், டி.வி.எஸ். 50 கியரையே நீக்கித் தீர்த்தது. வேகம் கூடினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச், ஒரே வேகப் பல்சக்கரம், அவ்வளவுதான். பழைய வண்டி ரசிகர்கள் யாரும் இதைப் பாராட்டிக் கட்டுரை எழுதுவதில்லை. தண்ணீர்க் குடமும் தீவன மூட்டையும் தாங்கிய அந்த மொபெட் மேலே சொன்ன அளவுகோலில் ஜாவாவுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அதே ஓசூரில் 1984-இல் இண்ட்-சுசுகியின் 100 சிசி வண்டி வந்தது. தொடர்ந்து வந்த யமஹா, ஹீரோ ஹோண்டா 100 சிசி வண்டிகளின் மைலேஜுக்கு முன்னால் யெஸ்டியால் நிற்க முடியவில்லை. மைசூர் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. யெஸ்டியின் வீழ்ச்சிக்கு ரசிகர்கள் ஜப்பானைக் குறை சொல்வது வழக்கம். பெட்ரோல் விலையை மாதச் சம்பளத்தில் கொடுத்தவர்களின் கணக்கு வேறு. மைசூர் நிறுவனம் முப்பத்தைந்து ஆண்டுகளில் அடிப்படை எஞ்சினைப் பெரிதாக மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பின்னர் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. 2020 ஏப்ரலில் டி.வி.எஸ். நிறுவனம் இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டனை விலைக்கு வாங்கியது. பி.எம்.டபிள்யூ.வின் 310 வண்டியும் ஓசூரில்தான் தயாராகிறது. அதன் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகக் காற்று முன்புறம் நுழைந்து புகை பின்புறம் வெளியேறுகிறது. விசித்திரமான ஐரோப்பிய எஞ்சின் இப்போது பழைய தருமபுரி மாவட்ட மண்ணிலேயே உருவாகிறது.

மறுவருகையும் பதிவெண்ணும்

மஹிந்திராவின் துணை நிறுவனமான கிளாசிக் லெஜண்ட்ஸ் 2018 நவம்பரில் ஜாவாவை மீண்டும் கொண்டுவந்தது. 293 சிசி, தண்ணீர் குளிர்விக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். வண்டி நன்றாக ஓடுகிறது என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய ஜாவாவிலிருந்து அது எடுத்துக்கொண்டவை டேங்கின் வளைவும் இரட்டை சைலன்சரும். கிக்கராக மாறும் லீவர் இல்லை, கிக்கரே இல்லை. செயினை முழுதாக மூடும் உறையும் இல்லை. தூசியில் ஓட்டுபவருக்கு உதவியவை விடுபட்டு, கண்ணில் படுபவை தங்கிவிட்டன.

சட்டமும் ஏறக்குறைய இதே பார்வையில் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேரும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பழுது பார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். யெஸ்டி என்ற பெயர் தாங்கிய முதல் வண்டிகளுக்கு இப்போது 50 வயதாகிவிட்டது. இந்தக் கௌரவத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையாளர், காலையில் அரூரிலிருந்து தருமபுரிக்கு வேலைக்குச் செல்ல வேறு வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.