காளி தோற்ற விதி

நம் விமர்சனத்தில் ஒரு வேலைப்பிரிவினை நடைமுறையில் இருக்கிறது. யாரும் தீர்மானம் போட்டு ஏற்படுத்தியதல்ல. கதையில் ஓர் ஆண் ஆசைப்பட்டால் அது உளவியல். அவனுடைய அகத்தின் ஆழம், தனிமை, நனவிலி என்று எழுதுகிறோம். ஒரு பெண்ணின் உடம்புக்கு ஏதாவது நேர்ந்தால் அது சமூகப் பிரச்னை. கற்பு, குடும்பம், ஊர் வாய், வறுமை என்று எழுதுகிறோம். அவனுக்கு மனசு, அவளுக்கு நிலைமை. இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு நானும் பத்து வருஷமாகக் கட்டுரை எழுதியிருக்கிறேன். பிடித்த நடையை ‘ஆண்மையான நடை’ என்று பாராட்டியும் இருக்கிறேன். இது விமர்சகனின் சௌகரியம் மட்டும்தானா, அல்லது நம் சிறந்த படைப்புகளிலேயே ஊறிக் கிடப்பதா என்பதே இங்கு கேள்வி.

உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். நான் வேலைக்குப் போய்வரும் கடலூர்–சிதம்பரம் ரயில் பாதையே போதும். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். மௌனி தம் பிற்காலத்தைக் கழித்தது சிதம்பரத்தில். தமிழ்ச் சிறுகதையில் ஆண்–பெண் உறவை எழுதிய மூன்று வெவ்வேறு மனங்கள் இந்த ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இவர்களை அளக்க எனக்குக் கிடைத்த அளவுகோலும் இங்கே உள்ளதுதான். தில்லையில் நடராஜருக்கும் காளிக்கும் ஆட்டப் போட்டி. ஈடுக்கு ஈடு ஆடிவந்தவள், அவர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கியதும் நின்றுவிட்டாள். நாணம். தோற்றவள் எல்லைக்குப் போனாள்; தில்லைக் காளி கோயில் இன்றும் ஊர் ஓரத்தில்தான் இருக்கிறது. அவளால் முடியவில்லை என்று கதை சொல்வதில்லை. முடியும்; செய்யமாட்டாள் என்கிறது. ஆகவே அவள் ஆட்டத்தில் தோற்கவில்லை, ஆட்டத்துக்கு வெளியே இருந்த ஒரு விதியில் தோற்றாள். அந்த விதி சபையில் இருந்ததா, அவளுக்குள் இருந்ததா? அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியர் வகுத்து வைத்துவிட்டதால் நாம் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

மௌனியிடம் வருவோம். ‘அழியாச் சுட’ரின் கோவில், இருட்டு, யாளி, அங்கே தோன்றும் ஒரு பெண், அவளைக் கண்டவனின் மனம் கொள்ளும் விரிவு வேறு எவர் எழுத்திலும் கிடைக்காதது. ‘பிரபஞ்ச கான’த்தில் அவளுக்கு இதய நோய், பாடக்கூடாது. அவள் பாடாத காலத்தில் அவனுக்கு இயற்கையே சங்கீதம் இழந்து கிடக்கிறது. கல்யாணத்தன்று பாடுகிறாள், இறந்துபோகிறாள், கானம் பிரபஞ்சத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்தக் கதையை என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். சின்ன வயசில் நன்றாகப் பாடியவள், கல்யாணத்துக்குப் பின் விட்டுவிட்டாள். படித்து முடித்துப் புஸ்தகத்தைத் திருப்பித் தரும்போது, “ரொம்ப நல்லா இருக்குடா. அவ செத்ததும் அவனுக்கு எல்லாம் கேக்குது. அவளுக்கு என்ன கேட்டுதுன்னுதான் எழுதலை” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் கதையைப் பற்றி நான் எழுதியிருந்த ஆறு பக்கங்களில் இந்தக் கேள்வி இல்லை. மௌனியின் மேதைமை இதனால் குறைந்துவிடாது. ஆனால் அந்த அக உலகத்தில் ஒரே ஓர் அகம்தான் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜெயகாந்தனிடம் விஷயம் சிக்கலாகிறது. 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தபோது வாதமெல்லாம் அந்தத் தாயைப் பற்றித்தான். மழையில் ஒருவன் காரில் ஏறி, சீரழிக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தைரியமான கதை, சந்தேகமில்லை. ஆனால் களங்கம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகுதானே அதைக் கழுவ முடியும்? நீரும் நெருப்பின் வேலையையே செய்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெண் மென்றுகொண்டிருக்கும் சூயிங்கம். அவன் கொடுத்தது. தாய் அதட்டித் துப்பச் சொல்கிறாள். பயத்துக்கும் அழுகைக்கும் இடையே அவளுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று, அவளே இன்னும் பெயர் வைக்காதது, அந்த வாயில் இருக்கிறது. ஜெயகாந்தனுக்குள் இருந்த கலைஞன் அதைக் கண்டுவிட்டான். வாதாடிய எவரும் காணவில்லை.

1972இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊருக்குத் தெரியும்படி அலறியிருந்தால்? படித்து, உத்தியோகம் பார்த்து, சொந்தச் சம்பளத்தில் வாழும் கங்கா, மாமாவின் ஏச்சைக் கேட்டுத் தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போகிறாள். ஊரின் குரல் அவளுக்குள் அவள் குரலாகவே ஒலிக்கிறது. இதே எழுத்தாளரின் ‘ரிஷிமூல’த்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய் ஸ்தானத்தில் இருந்தவள்மீது கொண்ட இச்சையின் குற்றவுணர்வு ஓர் இளைஞனைத் துறவுக் கோலத்துக்குத் தள்ளுகிறது. அவனுடைய உறுத்தலுக்கு ரிஷி என்ற சொல் தயாராக இருக்கிறது. கங்காவின் உறுத்தலுக்கு நம் பாஷையில் அப்படி ஒரு கௌரவமான சொல் கிடையாது.

புதுமைப்பித்தன் ‘பொன்னகர’த்தில் கற்புப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். 1943இல் எழுதிய ‘சாப விமோசன’த்தில் அவர் சிரிக்கவில்லை. அகலிகைக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. புருஷன் ஏற்றுக்கொண்டான், சாபம் நீங்கிற்று. ஆனாலும் அவளுக்கும் கோதமனுக்கும் இடையில் எந்தச் சொல்லும் சகஜமாக நடமாட முடியவில்லை. சாதாரண வார்த்தைக்குள்ளும் வேறு அர்த்தம் பதுங்கியிருக்குமோ என்று இருவருமே நடுங்குகிறார்கள். பிறகு சீதை வாயால், ராமன் தீக்குளிக்கக் கேட்ட செய்தி வருகிறது. அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இந்தமுறை யாரும் சபிக்கவில்லை. வெளியே இருந்த விதி முழுவதும் உள்ளே வந்து இறுகிய ஸ்திதி அது. அகம், புறம் என்ற நம் வேலைப்பிரிவினை அந்தக் கல்லின் முன்னால் அர்த்தமற்றுப் போகிறது. மூவரில் இந்த இடத்தைத் தொட்டவர் இவர் ஒருவரே என்பது என் முடிவு.

ஃப்ராய்டின் பெண் உளவியலை 1920களில் மறுத்த கேரன் ஹார்னி சொன்னதன் சாரமும் இதுவே: ஆணின் விருப்பத்துக்குத் தன்னை ஒட்டவைத்துக்கொண்ட பெண், அந்த ஒட்டுதலையே தன் இயல்பென்று உணர்கிறாள். என் கவுண்டரில் கையெழுத்துப் போட வரும் பெண்களில் அநேகர் பேனாவை வைக்குமுன் பின்னால் நிற்கும் ஆளை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். கேட்டால் பழக்கம் என்பார்கள். பழக்கம் உளவியலா, சமூகவியலா? சட்டத்துக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவின்படி, பிறன் மனைவியோடு உறவு கொள்வது அவள் கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமில்லை. அவள் மனசு கணக்கிலேயே வரவில்லை. 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிற்று.

1976இல் அம்பையின் ‘சிறகுகள் முறியும்’ தொகுதி வந்தது. 2000க்குப் பின் சல்மா, குட்டி ரேவதி முதலியோர் கவிதையில் தம் உடம்பைத் தாமே பேசியபோது கண்டனம் கிளம்பிற்று. அவர்களைத் தாக்கியவர்கள் ஒழுக்கத்தைப் பேசினார்கள். ஆதரித்த நம்மவர்களோ சமூக முக்கியத்துவத்தைப் பேசினோம். மௌனிக்குத் தருகிற வாசிப்பை, ஒரு மனத்தின் அந்தரங்கத்துக்குள் நிதானமாக நுழையும் வாசிப்பை, அவர்களுக்கு எத்தனை பேர் தந்தோம்? பரிந்து பேசுவதும் ஒருவகையில் எல்லைக்கு அனுப்புவதுதான்.

சிதம்பரம் கோவிலுக்குள் நிருத்த சபையில் கால் தூக்கிய மூர்த்தி இருக்கிறார், வென்றவராக. வெளியே கோபுர வாசலின் உட்சுவர்களில் நூற்றெட்டுக் கரணங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆடுகிறவர்கள் பெண்கள். காலை நெற்றிவரை தூக்கி நிறுத்திய கரணமும் அவற்றில் உண்டு. சிற்பி பார்த்துத்தான் செதுக்கியிருப்பான். அந்த வாசலைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே போகிறோம், காளி தோற்ற கதையைச் சொல்லிக்கொண்டே.