நீர்க்கோட்டுக்குக் கீழே

யமாட்டோவைக் கட்டி முடிக்க எனக்குப் பதினொரு இரவுகள் ஆயின. நிஜத்தில் 263 மீட்டர் நீளமுள்ள கப்பல், 1/700 அளவில் என் மேசையில் 37.5 சென்டிமீட்டர். இந்த அளவில் ஒரு மனிதன் இரண்டரை மில்லிமீட்டர் உயரம்கூட வரமாட்டான். கிட்டில் மனிதர்கள் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்த மாமா அதைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ரூமில் இருந்தவர். திருப்பி அடியைப் பார்த்தார். தட்டையான சிவப்புத் தட்டு, அவ்வளவுதான்.

“ஏன்டா, எஞ்சின் ரூம் எங்க?”

“அது கிடையாது மாமா. இதுல தண்ணிக்கு மேல தெரியிறது மட்டும்தான்.”

“அப்ப நாங்கள்லாம் எங்கடா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடு நான் நடத்திய சண்டை. மாடல் கிட்டை விமர்சனத்துக்குரிய படைப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்து எஃகு அச்சில் வெட்டியிருக்கிறார். அந்த முடிவை ஒரு சிறுகதையை வாசிப்பது போலவே வாசிக்க முடியும்.

தொடக்கம் எளிமையானது. 1952இல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்மரக் கப்பலைப் பாலித்தீன் பையில் போட்டு வூல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ரெவெல், ‘மிசௌரி’யைக் கொண்டுவந்தது. ஜப்பான் சரணடைவதாகக் கையெழுத்திட்ட அதே கப்பல். கிட் கடைக்கு வந்த 1953இல் அது இன்னும் பணியில்தான் இருந்தது, கொரியப் போருக்கும் போய்வந்திருந்தது. அன்றைய அமெரிக்கச் சிறுவனுக்கு அது செய்தித்தாளில் வரும் கப்பல், வரலாறு அல்ல. ரெவெலின் பெரிய குறை என்று நான் நினைப்பது அளவுதான். பெட்டிக்குள் அடங்கும்படி கப்பலைச் சுருக்குவார்கள். மிசௌரி 1/535, அரிசோனா 1/426. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது பெரியது என்றே தெரியாது. ஒவ்வொரு கப்பலும் தனித்தனி நட்சத்திரம். கடற்படை என்ற ஒன்று அந்த அலமாரியில் உருவாகவே முடியாது.

அதே ரெவெல் 1961இல் ஒரு காரியம் செய்தது. ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ என்ற அணுசக்தி நீர்மூழ்கியைத் திறந்து பார்க்கும்படி செய்து, உள்ளே அறைகளையும் ஏவுகணைகளையும் காட்டியது. அணுசக்திக் கப்பல்களின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர் கொதித்துப்போனார். 2.98 டாலருக்கு ரகசியத்தை எல்லாம் விற்கிறீர்களே என்பது அவர் கோபம். எனக்கு இது வெறும் துணுக்குச் செய்தி இல்லை. ஆயிரக்கணக்கான பீரங்கிகளை பிளாஸ்டிக்கில் வார்த்தபோது வராத கோபம், உள்ளே திறந்து காட்டியதும் வந்துவிட்டது.

இப்போது ஷிசுவோகா. 1945 ஜூனில் அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்த ஊர். போருக்குப் பிறகு அங்கே மரக்கடையாகத் தொடங்கிய தமியா, மர மாடல்கள் செய்து, 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது யமாட்டோவைத்தான். போட்டி நிறுவனம் அதே கப்பலை இன்னும் மலிவாக விற்றதால் அது ஓடவில்லை. தோற்ற நாடு, மூழ்கிய கப்பலைத் தன் பிள்ளைகளுக்கு 1/800 அளவில் மறுபடி மிதக்க விட்டது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அந்த உருவகம் ரொம்பச் சுலபமாக வருகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

உண்மையான திருப்பம் 1971. தமியா, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று அதே வட்டாரத்தின் நான்கு போட்டியாளர்கள் சேர்ந்து ‘வாட்டர்லைன்’ வரிசையைத் தொடங்கினார்கள். கப்பல்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: யமாட்டோ தமியாவுக்கு, அகாகி ஹாசெகாவாவுக்கு, நகாட்டோ அவோஷிமாவுக்கு. எல்லாமே 1/700. எல்லாமே நீர்மட்டத்தோடு வெட்டப்பட்டவை. ஒரு முழுக் கடற்படை ஒரே மேசையில் நின்றது.

செலவு குறைகிறது, இடம் மிச்சம் என்பதெல்லாம் சரி. ஆனால் அந்த வெட்டு ஒரு பார்வைக்கோணமும் கூட. முழு உடலோடு தாங்கிமேல் நிற்கும் மாடல் கப்பல்கட்டும் தளத்து ஆளின் பார்வை. அவனுக்குத்தான் உந்துவிசிறி தெரியும். வாட்டர்லைன் மாடல் கடலில் இன்னொரு கப்பலிலிருந்து பார்ப்பவனின் பார்வை. மேசையே கடலாகிவிடுகிறது. குனிந்து கண்ணைத் தளமட்டத்துக்குக் கொண்டுபோனால் உடம்பு சிலிர்க்கும், பொய் சொல்லவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட நல்ல யோசனை வந்ததாக நான் நினைக்கவில்லை.

அதே யோசனைதான் மாமாவை வெட்டி எறிந்தது.

1945 ஏப்ரல் 7. ஒகினாவாவை நோக்கிப் போன யமாட்டோவை அமெரிக்க விமானங்கள் தாக்கின. டார்பிடோக்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தில் விழுந்தன. சாய்வை நிமிர்த்த வலப்பக்கத்துக் கொதிகலன் அறையிலும் எஞ்சின் அறையிலும் கடல்நீரை விட்டார்கள், அங்கே வேலையில் இருந்தவர்களோடு சேர்த்து. கப்பல் நிமிரவில்லை. அன்று அந்த ஒரு கப்பலோடு போனவர்கள் சுமார் 3,000 பேர். என் கிட்டோடு வந்த தாளில் டன், வேகம், பீரங்கி விட்டம் எல்லாம் இருந்தன, மூழ்கியதற்கு ஒரு வரி.

‘போரைப் பொம்மையாக்குகிறாய்’ என்று நண்பன் ஒருவன் சொல்வான். நான் ஒத்துக்கொள்வதில்லை. யமாட்டோவைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்தப் பொம்மையால்தான். ஆனால் பசையும் பெயின்ட்டுமாய் உட்கார்ந்திருந்த பதினொரு இரவுகளில் அந்த அறைகளை ஒருதடவைகூட நினைக்கவில்லை. நினைக்க வைக்கும் பாகம் எதுவும் பெட்டிக்குள் இல்லை.

1978இல் தமியா யமாட்டோவை 1/350 அளவில், முழு உடலோடு, முக்கால் மீட்டர் நீளத்தில் வெளியிட்டது. போன வருஷம் கடன் வாங்கி அதை வாங்கினேன். மாமா அடியில் உந்துவிசிறிகளை எண்ணினார். நாலு. சுக்கானைத் தடவினார். பிறகு காதருகே வைத்து லேசாகக் குலுக்கினார். உள்ளே ஏதோ ஒரு துண்டு உருண்டது.

“காலியாத்தான்டா இருக்கு. பசையும் சரியா போடல.”