கொழுத்தவரும் பருத்தவரும்

உடல் பருமனான ஒருவரைச் சுட்டுவதற்கு நம் எழுத்தாளர் சிலர் ‘கொழுத்த’ என்னும் அடைமொழியைத் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். அரபியிலிருந்து பெயர்க்கப்படும் நூல்களிலும் ‘கொழுத்த மனிதர்’ வந்துபோகின்றார். இவ்வழக்குப் பொருந்துமா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

‘கொழுத்த’ என்பது தன்னளவில் இழிந்த சொல்லன்று. குர்பானிக்கு வாங்கிய கிடாவைக் ‘கொழுத்த கிடா’ என்றால் அது பாராட்டே. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் விருந்தினர்முன் வைத்த கன்றைத் திருக்குர்ஆனின் 51ஆவது அத்தியாயம் ‘ஸமீன்’ என வருணிக்கின்றது. அதனைக் ‘கொழுத்த கன்று’ எனத் தமிழாக்குவதில் பிழையில்லை. ஆனால் அரபியில் ‘ஸமீன்’ விலங்குக்கும் மனிதருக்கும் பொதுவான சொல். தமிழில் ‘கொழுத்த’ என்பதற்கு அப்பொதுமை இல்லை. நம் மொழியில் கொழுப்பு, செருக்கையும் குறிக்கும். ‘நண்டு கொழுத்தால் வளையில் இராது’ என்னும் பழமொழி உணர்த்துவது இதனையே. எனவே ‘கொழுத்தவர்’ என்று எழுதுவோர், உடலை வருணிப்பதாக எண்ணிக் குணத்தைப் பழித்துவிடுகின்றனர். ‘பருத்த’, ‘பருமனான’ என்பனவோ உருவத்தோடு நின்றுவிடுகின்றன. குழந்தையை மட்டும் ‘கொழுகொழு’வென்று கொஞ்சுகிறோம், அங்கே பழிப்பு நீங்கி அன்பு குடிகொள்கின்றது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களோடு ஓடிய பந்தயத்தில் முதலில் தாம் வென்றதையும், பின்னர் உடல் பருத்த காலத்தில் தோற்றதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே கூறியதாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது. தம் உடலைப்பற்றி அன்னையார் மொழிந்த அரபுச் சொற்களின் நேர்ப்பொருள், சதையைச் சுமத்தல் என்பதாகும். நம் இல்லங்களில் பெண்கள் ‘சதை போட்டுவிட்டது’ என்பர். இதனினும் நெருங்கிய தமிழ் வேறுண்டோ? அவ்விடத்தில் ‘நான் கொழுத்தபோது’ என்று ஒருவர் பெயர்ப்பாராயின், அது அகராதிக்கு ஒத்துவரலாம். அன்னையின் வாய்மொழியாக ஒலிக்காது.

இது மொழிபெயர்ப்பாளரின் கவலை மட்டுமன்று. ஒருவரையொருவர் இழிவான பட்டப்பெயர்களால் அழைத்தலை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனம் விலக்குகின்றது. ஆயினும், பெற்றோர் ஆசையோடு சூட்டிய பெயரிருக்க, ‘குண்டு’ என்றே பிள்ளை விளிக்கப்படும் வீடுகள் நம்மிடையே உண்டு. பிறர் சிரிக்கும்போது அப்பிள்ளையும் உடன் சிரிப்பதால் அவன் உள்ளம் நோகவில்லை என்று நாம் முடிவுகட்டலாகாது. உருவத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் உருவத்தை மட்டும் சொல்லும் சொல்லை எழுத்தாளர் தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளையை அழைக்க வேண்டிய இடத்தில் அவன் பெயரையே பெற்றோர் சொல்லட்டும்.