0.3 மில்லிமீட்டர் வயரும் அலுமினியத் தாளும்: மாதிரி கார்க் கலையின் பழைய பள்ளிகள்

ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-ல் அமெரிக்கச் சிறுவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நெப்போலியன் காலத்து அரச சாரட்டைச் சிறிய அளவில் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும்; பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. பிற்பாடு சாரட்டு போய், போட்டியாளரே கற்பனை செய்த 1/12 அளவுக் கார் வந்தது. மரத்தைச் செதுக்கி, உப்புத்தாளில் இழைத்து, மேலும் மேலும் பெயிண்ட் ஏற்றினார்கள். 1947-ல் இதில் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். போட்டி 1968-ல் நின்றது. வடிவம் சரியா, பரப்பில் அலை தெரிகிறதா என்று முதலில் பார்க்கும் பழக்கம் இந்த மூத்த பள்ளியின் கொடை.

அடுத்து வந்தது பிளாஸ்டிக். மிச்சிகனின் ஏ.எம்.டி. நிறுவனம் தொடக்கத்தில் கார் விற்பனையகங்களுக்கு விளம்பர மாதிரிகள் செய்துகொடுத்தது. அசிடேட்டில் வார்த்த அந்த வண்டிகளில் பல, வருடங்கள் போகப்போகக் கோணிவிட்டன. 1958-ல் அதே நிறுவனம் 1/25 அளவில், பாகங்களாக வாங்கி நாமே ஒட்டிக் கட்டும் ‘ஒன்றில் மூன்று’ கிட்டுகளை இறக்கியது. ஷோரூமில் நிற்கும் காராக, கஸ்டம் காராக, பந்தயக் காராக, எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். மிஞ்சிய பாகங்கள் வேறொரு காருக்குப் போகும். ஒரு கிட்டின் இன்ஜினும் இன்னொன்றின் சக்கரமும் சேர்ந்த அந்தக் கலப்பில்தான் பழைய பாணியின் உயிர் இருக்கிறது.

மோனோகிராம் நிறுவனம் 1/24 அளவைப் பிடித்துக்கொண்டது. ரெவெல் நிறுவனம் கஸ்டம் கார் வடிவமைப்பாளர் எட் ராத்தின் விசித்திர வண்டிகளைப் பெட்டியில் அடைத்து விற்றது. இத்தாலியின் போக்கர் நிறுவனம் 1/8 அளவில், சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோக்கச் சொன்னது. இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் கிட்டையே நாடாமல் 1/15 அளவில் முழுக் காரையும் தானே உருவாக்கினார்.

நுணுக்க வேலை என்றால் இன்று கடையில் வாங்கிய பாகங்களை ஒட்டுவது என்றாகிவிட்டது. அன்று கையில் கிடைத்ததே சரக்கு. நிஜக் காரின் பிளக் வயர் 7 அல்லது 8 மி.மீ. பருமன், 1/25-ல் அது சுமார் 0.3 மி.மீ. தையல் நூலோ மெல்லிய செப்புக் கம்பியோ போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஊசித் துளை போட்டு அதை நுழைப்பார்கள். அரை மி.மீ. வயர் மாட்டினால் இன்ஜினில் தோட்டக் குழாய் ஓடுவது போலிருக்கும். கிட்டின் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் தண்டை மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி இழுத்தால் ஆன்டெனா தயார்.

குரோம் பட்டைகளுக்கு வெள்ளி பெயிண்ட் பூசுவது சுலபம். ஆனால் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். சமையலறை அலுமினியத் தாளை மெல்லிய பசையில் ஒட்டி, பல்குச்சியால் ஓரம் ஓரமாக அழுத்தி, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டியவர்களின் கார்தான் இன்றும் மின்னுகிறது. பெயிண்டிலும் இதே கண்டிப்பு வேண்டும். நிஜக் காருக்கான மெட்டாலிக் பெயிண்டின் துகள் இந்த அளவில் கல்கல்லாகத் தெரியும் என்பதால் நுண்துகள் பெயிண்டைத் தேடி, மெல்லிய பூச்சுகளாக அடித்துத் தேய்த்து மெருகேற்றுவதே முறை.

இப்போது பல கைகள் மாறிவந்த பழைய கட்டுமானங்களை மீட்பது தனி வேலையாகிவிட்டது. பிரேக் ஆயிலில் ஊறவைத்தால் எனாமல் உரிந்துவரும். பசை உருக்கிச் சேர்த்த மூட்டுதான் சிக்கல். அவசரப்பட்டால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பிய்யும். இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. ரவுண்ட் 2 நிறுவனம் ஏ.எம்.டி., எம்.பி.சி. ஆகிய பழைய பிராண்டுகளின் கிட்டுகளை மறுபதிப்பாக வெளியிட்டாலும், 1960-களில் அந்தந்த ஆண்டின் புதுக் கார்களைப் பார்த்துச் செய்த கிட்டுகளில் பலவற்றின் அச்சுகளைப் பிற்காலத்தில் பந்தயக் கார்களுக்காக வெட்டி மாற்றிவிட்டார்கள். ஷோரூம் வடிவத்தில் அந்தக் கார் வேண்டுமென்றால், யாரோ ஒரு சிறுவன் பசையில் குளிப்பாட்டிய பழைய வண்டியை வாங்கி, கழற்றி, பட்டி பார்த்து எடுத்தால்தான் உண்டு.